தாத்தா சொன்ன 'ஓக்கே டோக்' கணவாய் எங்கே இருக்கு?

பெரம்பூர்ப் பேத்தி:
போன வாரம் பரணை ஒழிக்கும்போது தாத்தாவோட டிரங்குப் பெட்டியில ஆறு முனை நட்சத்திரப் பதக்கம் ஒண்ணு கிடைச்சுது. ரிப்பன்ல நடுவுல அகலமா சிவப்பு, ரெண்டு பக்கமும் கருநீலம், அதுக்குள்ள மெல்லிசா ஆரஞ்சுக் கோடு. ரெண்டாம் உலகப்போர்ல பட்டாளத்து சப்ளை டிப்போவுல குமாஸ்தா அவர். தவறிப்போய் 18 வருஷம் ஆச்சு. "ஓக்கே டோக் கணவாயில பேனா பிடிச்ச கையில துப்பாக்கியைக் குடுத்துட்டான், வானத்துலேர்ந்து அரிசி விழுந்துச்சு"ம்பார். "கதை அளக்காதீங்க"ன்னு பாட்டி அடக்கிடுவாங்க. மேப்புல அப்படி ஒரு ஊரே இல்லையே?

மாம்பலம் வாசி:
அது பர்மா ஸ்டார், பர்மாப் போர்ல இருந்தவங்களுக்கு பிரிட்டிஷ்காரங்க குடுத்த பதக்கம். கொஹிமாவாத்தான் இருக்கும். நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில பேர் இருக்கான்னு பாருங்க.

பழைய பேப்பர்:
உயிரோட திரும்பி வந்தவரைக் கல்லறையில ஏன் சார் தேடணும்? கொஹிமாவும் இல்ல. பர்மா ஸ்டாரை வங்காளம், அசாம்ல வேலை பார்த்தவங்களுக்கும் குடுத்தாங்க, அதனால பதக்கத்தை வெச்சு இடம் சொல்ல முடியாது. அந்தக் கணவாய்ப் பேர்தான் துப்பு. பர்மாவோட மேற்குக் கரைப் பகுதியான அரக்கான்ல, மாயு மலைத்தொடர்ல இருக்கு. நிஜப் பேர் ஙாக்யேடாக். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு வாயில நுழையல, 'ஓக்கே டோக்' ஆக்கிட்டாங்க.

1944 பிப்ரவரியில ஜப்பான்காரங்க சுத்திவந்து பிரிட்டிஷ் படையோட 7ஆவது இந்திய டிவிஷனை மடக்கினாங்க. அந்த டிவிஷன் தளபதி ஜெனரல் மெசர்வியோட தலைமையகமே பறிபோச்சு, மனுஷன் காட்டுக்குள்ள நடந்தே தப்பிச்சார். எல்லாரும் ஒதுங்கினது கணவாய் அடிவாரத்துல, சின்ஸ்வேயாங்கிற இடத்துல, பழைய வயக்காட்டுல இருந்த சப்ளை முகாம்ல. 'அட்மின் பாக்ஸ்'னு பேர். சுத்தி குன்று, அகலம் சுமார் 1 கிலோமீட்டர்தான். குமாஸ்தா, சமையல்காரர், கோவேறு கழுதைக்காரர்னு எல்லார் கையிலயும் துப்பாக்கி. ஏழாம் தேதி ராத்திரி ஜப்பான்காரங்க ஆஸ்பத்திரிக்குள்ள புகுந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் கொன்னாங்க. அதைத் தாத்தா வீட்ல சொல்லியிருக்க மாட்டார்.

மடக்கினா பிரிட்டிஷ் படை எப்பவும்போலப் பின்வாங்கும், டிப்போவை அள்ளிச் சாப்பிடலாம்னுதான் ஜப்பான்காரங்க சோறு குறைச்சலா கொண்டுவந்தாங்க. இவங்க அசையல. டகோட்டா விமானங்கள் அரிசி, குண்டு, தபால், சிகரெட், ரம்னு கொட்டிக்கிட்டே இருந்துச்சு. கடைசியில பட்டினி கிடந்தது சுத்தி நின்னவங்கதான். 23ஆம் தேதி கணவாய் திறந்துச்சு. அடுத்த மாசமே இம்பால் பக்கம் தாக்குதல் தொடங்கிட்டதால இந்தச் சண்டை அப்படியே அமுங்கிப்போச்சு.

பெரம்பூர்ப் பேத்தி:
ரொம்ப நன்றிங்க. பாட்டிக்கு 91 வயசு, காதுகிட்டப் போய்ச் சத்தமா படிச்சுக் காட்டினேன். பேசாம கேட்டுட்டே இருந்தாங்க. கடைசியில ஒரே கேள்வி: "ரம்மும் விழுந்துச்சாமா? அரிசின்னுதானேடி சொன்னாரு!"