மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் ரீசார்ஜ் குழியை ஜேசிபி வந்த அன்றே எடுத்துவிடலாமா, வீடு முடிந்த பிறகா?

செம்மண்காடு:
கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை போகும் வழியில் 5 சென்ட் மனை. வீட்டுத் தளம் 1,200 சதுர அடி வரும். பத்து நாளில் கடக்கால் (அஸ்திவாரம்) பறிக்க ஜேசிபி வருகிறது. ‘வண்டி நிற்கும்போதே மழைநீர்க் குழியையும் எடுத்துவிடலாம், மறுபடி கூப்பிட்டால் தண்டச் செலவு’ என்கிறார் மேஸ்திரி. என் மாமனார் வீட்டிலும் அப்படித்தான் முதலிலேயே எடுத்தார்கள். இப்போது ஒரு மழை பெய்தால் அந்தக் குழியில் தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கிறது, கொசுப் பண்ணை ஆகிவிட்டது. குழி எடுத்தது தப்பா, எடுத்த நேரம் தப்பா? கட்டியவர்கள் சொல்லுங்கள்.

கொத்துக்கரண்டி:
உங்கள் மேஸ்திரி சொல்வதுதான் சரி தம்பி. 22 வருஷமாக தருமபுரி, காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் வீடு கட்டிக் கொடுக்கிறேன். காம்பவுண்டு எழும்பிவிட்டால் ஜேசிபி உள்ளே நுழையாது. ஆள் வைத்துப் பறித்தால் மூன்றடிக்குக் கீழே நம் ஊர் மண் கடப்பாரையைத் திருப்பி அனுப்பும், கூலி எகிறும்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். இது பாறை பூமி. ஊரெல்லாம் போர்வெல் 1,000 அடி போகிறது. 10 அடிக் குழியில் விட்ட தண்ணீர் அங்கே எப்படிப் போய்ச் சேரும்? 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கினார்கள், அன்றிலிருந்து பிளானில் ஒரு வட்டம் போடுகிறோம், சைட்டில் ஒரு குழி போடுகிறோம். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

மொரம்பு:
கொத்துக்கரண்டி அண்ணா, கடைசி வரியில் உண்மையைச் சொல்லிவிட்டீர்கள். பிளானில் இருக்கும் வட்டத்துக்காகப் போட்ட குழி வட்டமாகவே இருக்கும், தண்ணீர் குடிக்காது.

பாறை பூமி என்பது பாதி உண்மை. நம் பக்கம் மேலே செம்மண், அதன் கீழே மக்கிய பாறை, அதாவது மொரம்பு, அதற்கும் கீழேதான் கெட்டிப் பாறை. நம் தாத்தாக்களின் கிணறுகளில் ஊறியது அந்த மொரம்பில் நிற்கும் தண்ணீர்தான். குழியின் வேலை மொரம்பு வரைக்கும் தண்ணீரைக் கொண்டுபோய் விடுவது. அங்கிருந்து வெடிப்பு வழியாக அது இறங்கும், எல்லாம் இறங்காது, எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். மூன்றடியிலேயே கெட்டிப் பாறை வந்தால் குழியை மறந்துவிட்டு தொட்டி கட்டுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை.

செம்மண்காடு கேட்ட கேள்விக்கு என் பதில்: எடுத்த நேரம்தான் தப்பு. கடக்காலோடு குழி எடுத்தால் அது ஏழெட்டு மாதம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். சைட்டில் ஓடும் சேறு எல்லாம் அதில்தான் இறங்கும். கலவை மிஷின் கழுவிய தண்ணீர், சட்டி, மமுட்டி கழுவிய தண்ணீர், டைல்ஸ் வெட்டிய பால், எல்லாவற்றுக்கும் அதுவே சாக்கடை. சிமெண்டுத் தண்ணீர் அடியில் போய் உட்கார்ந்து இறுகினால் உங்கள் ரீசார்ஜ் குழி கீழ்நிலைத் தொட்டி ஆகிவிடும்.

கொத்துக்கரண்டி:
கழுவிய தண்ணீரை வேறெங்கே ஊற்றுவது, தலையிலா? மிஷின் கழுவ ஒரு பள்ளம் வேண்டும். பள்ளம் ஏற்கெனவே இருக்கிறது. சித்தாளை நிறுத்தி ‘அம்மா, இது நிலத்தடி நீர்’ என்று பாடம் எடுக்க எனக்கு நேரம் இல்லை.

பென்னாகரத்துக்காரி:
நடுவில் வருகிறேன். எங்கள் ஊரில் போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லைப் பார்த்தாலே தெரியும், மஞ்சளும் பழுப்புமாகக் கோடு விழுந்திருக்கும். புளோரைடு. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டோம். அப்படிப்பட்ட ஊரில் கூரையில் சுத்தமாக விழுகிற தண்ணீரைக் குழியில் விடச் சொல்கிறீர்களே, முதலில் சம்ப்பில் பிடியுங்கள். நான் 8,000 லிட்டர் சம்ப் கட்டி, அது நிறைந்து வழிவதை மட்டும் குழிக்கு விட்டிருக்கிறேன். மழை தொடங்கி முதல் பத்து நிமிடத் தண்ணீரைத் திருப்பிவிட ஒரு வால்வு. சமையலுக்கு அந்த சம்ப் தண்ணீர்தான்.

மொரம்பு:
அக்கா, உங்கள் முறைதான் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் சம்ப் இருந்தாலும் குழி வேண்டும். கணக்குப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். 1,200 சதுர அடி என்பது சுமார் 111 சதுர மீட்டர். நம் மாவட்டங்களில் வருஷத்துக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிறது. ஆவி, சிதறல் என்று ஐந்தில் ஒரு பங்கு கழித்தாலும் 75,000 லிட்டர். 8,000 லிட்டர் சம்ப் ஒரு நல்ல ஐப்பசி வாரத்தில் நிறைந்துவிடும். மீதி தெருவுக்குத்தான்.

பாரூர் தோட்டம்:
எதற்கு இத்தனை சுற்று? மொட்டை மாடிக் குழாயை நேரே வற்றிய போருக்குள் விட்டேன். மாசக்கணக்கில் காற்று வந்த போர், மழைக்குப் பிறகு அரை மணி நேரம் ஓடுகிறது.

மொரம்பு:
வடிகட்டி இல்லாமலா அண்ணா? குழியில் விட்டால் மண் கொஞ்சமாவது வடிகட்டும். போருக்குள் விட்டால் காக்கை எச்சம் முதல் எல்லாம் நேரே பாறை வெடிப்புக்குப் போகும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதே வெடிப்பிலிருந்து குடிக்கலாம். இலை தழையும் தூசியும் வெடிப்பை அடைத்துவிட்டால் அந்தப் போரைத் திரும்ப எடுக்கவும் முடியாது. கூரைத் தண்ணீர் மட்டும், அதுவும் மணல் ஜல்லி வடிகட்டி வைத்து என்றால் சரி. களத்து மேட்டுத் தண்ணீரை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

பாரூர் தோட்டம்:
வடிகட்டி இருக்கிறது. டிரம்மில் போட்டது. போன வருஷம் கழுவினேன் என்று நினைக்கிறேன்.

கொத்துக்கரண்டி:
கணக்கு என்றால் நானும் போடுகிறேன். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலுக்கு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. வாகனங்களையே அடித்துக்கொண்டு போனது. உங்கள் தளத்தில் அன்றைக்கு 55,000 லிட்டர் விழும். மூன்றடி அகல சிமெண்டு உறை (வளையம்), 10 அடி ஆழம் என்றால் பிடிப்பது 2,000 லிட்டர். என்ன செய்யப்போகிறீர்கள்?

மொரம்பு:
ஒன்றும் செய்ய முடியாது. அப்படிப்பட்ட மழைக்கு யாரும் குழி போடுவதில்லை, அன்றைக்கு நிறைந்து வழிகிற தண்ணீர் கடக்கால் பக்கம் திரும்பாமல் வெளியே போக ஒரு வழிதான் வேண்டும். பாதிக் குழிகளில் அந்த வழிகிற குழாயே கிடையாது.

ஆனால் அந்த 2,000 லிட்டரும் உறை காலியாக இருந்தால்தான் அண்ணா. வழக்கம்போல உள்ளே கழுத்து வரை ஜல்லி நிரப்பினால் இடுக்கில் நிற்பது 40 சதவீதம், அதாவது 800 லிட்டர். ஜல்லியை உறைக்கு வெளியேயும் அடியிலும் போடுங்கள். அதையும் கழுவிப் போடுங்கள். கிரஷரிலிருந்து வந்த லோடை அப்படியே கொட்டினால் அதில் ஒட்டியிருக்கும் தூளே அடியை அடைத்துவிடும்.

செம்மண்காடு:
நேற்று மாமனார் வீட்டுக்குப் போய்க் குழியைத் திறந்தே பார்த்துவிட்டேன். நானும் மச்சானும் சட்டியில் ஜல்லியை வாரி வெளியே போட்டோம். இரண்டரை அடி ஜல்லிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பாளம், நாலு விரல்கடை கனம். கடப்பாரையால் குத்தினால் ‘ணங்’ என்கிறது. உடைத்து எடுத்தால் அதற்குள் சிமெண்டு மூட்டை கட்டிய சணல், பெயின்ட் பிரஷ் ஒன்று, சிகரெட் அட்டை. அடியில் மண் காய்ந்து பொடியாக இருந்தது. மேலே ஒரு வாரமாகத் தண்ணீர் நின்ற குழி இது! கீழே ஈரமே போகவில்லை.

பென்னாகரத்துக்காரி:
அதை ஒரு போட்டோ எடுத்து வைத்தீர்களா? பிளான் வட்டத்துக்குப் பக்கத்தில் ஒட்டலாம்.

கொத்துக்கரண்டி:
சரி, அது தப்புதான். மிஷின் கழுவுவதற்குத் தனிப் பள்ளம் எடுக்கச் சொல்லலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜேசிபி விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வீடு முடிந்து பால் காய்ச்சுகிற நேரத்தில் பார்ட்டியிடம் காசு இருக்காது. அப்போது குழிக்கு ஆள் கூலி கேட்டால் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பார்கள். அந்த அப்புறம் வரவே வராது. முதலிலேயே எடுத்தால்தான் குழி என்று ஒன்றாவது இருக்கும்.

மொரம்பு:
இது நியாயமான பேச்சு. நானே இரண்டு வீட்டில் அந்த ‘அப்புறம்’ ஆளாக இருந்திருக்கிறேன்.

அதனால் நடுவழி ஒன்று. ஜேசிபி வரும் அன்றே குழியை எடுங்கள், ஆனால் கடைசி இரண்டடியை விட்டுவிடுங்கள். 10 அடி வேண்டும் என்றால் 8 அடியோடு நிறுத்தி, ஓட்டை போட்ட உறைகளை இறக்கி, வாயை மூடி வையுங்கள். கசிந்து போகும் சேறு அந்த 8 அடித் தரையில் படியட்டும். பெயின்டிங் முடிந்து, முற்றத்து மண் வெளியேறி, ஜல்லியோ கல்லோ பாவிய பிறகு, ஒரு ஆள் உறைக்குள் இறங்கிப் படிந்த சேற்றை வழித்துவிட்டு, உறையைவிட அரை அடி குறுகலாக அந்த இரண்டடியைப் பறிக்கட்டும். ஒரு நாள் வேலை. மாடிக் குழாயை அன்றைக்குத்தான் இணைக்க வேண்டும்.

ஜேசிபி எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். மண் ஈரமாக இருந்தால் பக்கெட் வழித்த சுவர் சாணி மெழுகிய திண்ணை மாதிரி பளபளக்கும். பார்க்க அழகு, தண்ணீர் போகாது. உறை இறக்கும் முன் கடப்பாரை நுனியால் சுற்றிலும் கீறிவிடுங்கள். குழிக்கும் வீட்டுக் கடக்காலுக்கும் 10 அடியாவது விடுங்கள், செப்டிக் டேங்க்கிலிருந்து இடம் உள்ளவரை தள்ளி. டிப்பர் ஓடும் பாதையில் குழி வரக்கூடாது, லோடு வண்டி நாலு தடவை ஏறி இறங்கினால் அந்த மண் ரோடு மாதிரி இறுகிவிடும். மேடு பண்ணக் கொட்டிய மண்ணிலும் வேண்டாம், தண்ணீர் இறங்கினால் அது உட்காரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மண்ணைக் கேளுங்கள். மொரம்பு வரை பறித்து, அடியில் ஒரு அடிக்கு ஒரு அடி சின்னக் குழி எடுத்து, முதல் நாள் இரவு தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். காலையில் மறுபடி ஊற்றி, ஒரு குச்சியில் கோடு போட்டு மணி பாருங்கள்.

செம்மண்காடு:
பார்த்தேன். இரண்டு ஆள் வைத்து 5 அடி பறித்தோம், மூன்றரை அடியில் மொரம்பு வந்துவிட்டது. காலை 7 மணிக்கு 12 அங்குலம், 8 மணிக்கு 8 அங்குலம். இது நல்லதா?

மொரம்பு:
மணிக்கு 4 அங்குலம் நல்லதே. வருஷம் போகப் போகக் குறையும் என்பதால் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள், 2 அங்குலம். உறை 8 அடியும் நிறைந்தால் ஏறக்குறைய இரண்டு நாளில் வடிந்துவிடும். கொசு முட்டை கொசுவாக ஒரு வாரமாவது வேண்டும். உங்கள் மாமனார் குழிக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். குழிக்கு முன்னால் இரண்டடிக்கு இரண்டடி வண்டல் தொட்டி ஒன்று கட்டாமல் விட்டுவிடாதீர்கள், வருஷா வருஷம் ஆடியில் அள்ளிப் போட வசதியாக இருக்கும்.

கொத்துக்கரண்டி:
அந்த இரண்டடி பறிக்க உறைக்குள் இறங்கும் ஆள் என்ன கூலி கேட்பான் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனாலும் வண்டி மறுபடி வருவதைவிடக் கம்மிதான். காரிமங்கலம் சைட்டில் ஒன்று எடுக்க வேண்டியிருக்கிறது, செய்து பார்த்துவிட்டு வந்து பேசுகிறேன். சரிப்படவில்லை என்றால் இங்கேயே எழுதுவேன்.

செம்மண்காடு:
சனிக்கிழமை ஜேசிபி. 8 அடியோடு நிறுத்து என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன், ஒரு மாதிரி பார்த்தார். குழி வாய்க்குப் பழைய சென்ட்ரிங் தகடு இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

கொத்துக்கரண்டி:
தகடு மட்டும் போதாது தம்பி, காற்றுக்கு நகரும். மேலே கல் ஏற்றி, சுற்றிலும் முள் வெட்டிப் போடு. போன வருஷம் எங்கள் சைட்டில் ஆடு விழுந்து, ஆட்டுக்காரருக்குக் காசு கொடுத்தேன்.