ஆளில்லாக் கலம் பார்த்துவிடும், சரி... கயிறு யார் வீசுவது?

வரைபடக்காரன்

கடலில் அரசு செய்யும் வேலைகளில் பாதிக்கு மேல் ஆளே தேவையில்லை என்பது என் கட்சி. கடல் அளவை, ரோந்து, தேடல், கண்ணிவெடி அகற்றல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2021 செப்டம்பர் 30 அன்று ‘சாம்’ சூறாவளி நான்காம் வகை வேகத்தில் அட்லாண்டிக்கைக் கலக்கிக்கொண்டிருந்தபோது, அமெரிக்க அரசின் நோவா அமைப்பும் செயில்ட்ரோன் நிறுவனமும் சேர்ந்து 7 மீட்டர் நீள ஆளில்லாக் கலம் ஒன்றை அதற்குள்ளேயே விட்டன. 15 மீட்டர் அலை, மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல் காற்று. அதற்கு நடுவிலிருந்து அது வீடியோ அனுப்பியது. எந்தக் கேப்டனை அங்கே போகச் சொல்வீர்கள்?

2003இல் ஈராக்கின் உம் கஸ்ர் துறைமுகத்தில் கண்ணிவெடி தேட ‘ரீமஸ்’ என்ற தானியங்கி நீர்மூழ்கியை இறக்கினார்கள். இரண்டு கை தூரம் தெரியாத கலங்கலில் மனிதனை இறக்குவதைவிட அது மேல் இல்லையா?

மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள். ‘வேலை போய்விடும்’ என்பதற்குத் தனி இழை ஓடுகிறது, அதை அங்கே வைத்துக்கொள்வோம்.

இரண்டாம்_அதிகாரி

புயலுக்கும் கண்ணிவெடிக்கும் நானும் உங்கள் கட்சிதான். ரோந்தையும் தேடலையும் அதே மூட்டையில் கட்டுகிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

சரக்குக் கப்பலில் 12-4 வாட்ச் (பன்னிரண்டிலிருந்து நான்கு மணி வரைக் காவல்) பார்த்த காலத்தில் நடந்தது. இரவு இரண்டரை மணி இருக்கும். ரேடாரில் அலை இரைச்சல் தவிர எதுவும் இல்லை. லுக்-அவுட்டாக, அதாவது கடலைக் கண்காணிக்க நின்ற பையன் பிரிட்ஜுக்கு (கப்பலை ஓட்டும் அறைக்கு) வெளியே போய்விட்டு வந்து, “சார், மண்ணெண்ணெய் வாசம் வருது” என்றான். எனக்கு வரவில்லை. ஆனாலும் கேப்டனை எழுப்பினேன். காற்று வந்த பக்கமாகச் சர்ச்லைட்டைத் திருப்பினால், எஞ்சின் நின்றுபோன மரப்படகு. ஆறு பேர். ஒருவன் சட்டையைக் கழற்றி ஆட்டுகிறான்.

கயிறு வீசினோம். பிடித்தார்கள், நழுவிவிட்டது. விரல் மடங்கவில்லை அவர்களுக்கு. கடைசியில் போசன், எங்கள் தள மாலுமிகளின் தலைவன், பக்கவாட்டு ஏணியில் பாதி இறங்கி, ஒவ்வொருவர் இடுப்பிலும் தானே முடிச்சுப் போட்டான். பார்த்தது ஒரு வேலை என்றால், இது வேறு வேலை. உங்கள் 7 மீட்டர் கலத்தில் போசன் எங்கே நிற்பான்?

நிரலன்

சார், மதிப்போடதான் சொல்றேன், இது உங்களுக்கு நல்ல லுக்-அவுட் கிடைச்ச கதை. கிடைக்காத கப்பல் எத்தனை?

அதிகாரி தூங்கிட்டா எழுப்ப பிரிட்ஜ்ல ஒரு மணி வைக்கணும்னு சோலாஸ் (கடல் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை) விதியே 2011லேர்ந்து படிப்படியா கட்டாயமாச்சு. சில நிமிஷம் ஆள் அசையலைன்னா அடிக்கும். எதுக்கு அந்த விதி? தூங்குறாங்க, அதனாலதான். வெப்பக் கேமரா தூங்காது. தண்ணிக்கு மேல தலை தெரிஞ்சா இருட்டுலயும் காட்டும். ஆறு பேரைப் பார்க்க மூக்கை நம்புற நிலைமையைத்தான் மாத்தணும்ங்கிறேன்.

சட்டப்புள்ளி

மூக்கு, கேமரா சண்டை இருக்கட்டும். பார்த்த பிறகு யாருக்குக் கடமை? ஐநா கடல் சட்ட உடன்படிக்கையின் 98ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், கடலில் ஆபத்தில் இருப்பவருக்கு உதவும்படி ஒவ்வொரு அரசும் தன் கொடி பறக்கும் கப்பலின் *தலைவரை* கட்டாயப்படுத்த வேண்டும். தலைவரே இல்லாத கலத்தில் அந்தக் கடமை யார் தலையில் விழும்? சர்வதேசக் கடல்சார் அமைப்பு, ஆளில்லாக் கப்பலுக்குப் பொருந்துமா என்று தன் விதிகளையெல்லாம் அலசி 2021இல் முடித்த ஆய்விலும் இதைத்தான் பெரிய ஓட்டையாகக் குறித்தார்கள்: ‘கேப்டன்’ என்றால் யார், கரையில் உட்கார்ந்து இயக்குபவர் மாலுமியா இல்லையா?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே 98ஆம் பிரிவு, கப்பலுக்கோ ஊழியருக்கோ பயணிக்கோ பெரிய ஆபத்து என்றால் விலக்குத் தருகிறது. ஆளில்லாக் கலத்தில் ஊழியரும் இல்லை, பயணியும் இல்லை. சாக்குச் சொல்ல இரும்பு மட்டும்தான் மிச்சம். அப்படியானால் அதற்குக் கடமை கூட வேண்டுமே தவிரக் குறையக் கூடாது.

நடந்ததைப் பாருங்கள். 2019 மார்ச் முடிவில் ஐரோப்பிய ஒன்றியம் மத்தியதரைக் கடலில் ஆள்கடத்தலைத் தடுக்க நடத்திய ‘சோபியா’ நடவடிக்கையின் கப்பல்களை விலக்கிவிட்டு, வான்வழிக் கண்காணிப்பைத் தொடர்ந்தது. 2021இல் ஒன்றியத்தின் எல்லைக் காவல் அமைப்பான ஃப்ரோன்டெக்ஸின் ஹெரான் ட்ரோன் மால்டாவிலிருந்து பறக்கத் தொடங்கியது. மேலே கண் வந்தது, கீழே ‘சோபியா’வின் கப்பல் போய்விட்டது.

நிரலன்

இது நியாயமில்ல. கப்பலை விலக்குனது ட்ரோன் இல்ல. காப்பாத்துனவங்களை எந்த நாட்டுல இறக்குறதுன்னு உறுப்பு நாடுகள் போட்ட சண்டைதான் காரணம். ட்ரோன் கண்டுபிடிக்காத காலமா இருந்தாலும் அந்தக் கப்பல் போயிருக்கும். அரசியல் பண்ண தப்பைக் கருவி மேல எழுதாதீங்க.

சட்டப்புள்ளி

ஒப்புக்கொள்கிறேன், காரணம் அரசியல்தான். ஆனால் கருவி அந்த அரசியலுக்கு வசதி செய்து கொடுத்தது. “நாங்கள் கண்காணிக்கிறோமே” என்று சொல்ல ஒரு வழி கிடைத்தது.

மீன்கணக்கு

ரோந்துக்கே போய்விட்டீர்கள் எல்லோரும். அளவையில் மட்டும் மறுப்பே இல்லை என்று #வரைபடக்காரன் நினைக்க வேண்டாம். 2020இல் கோவிட் காரணமாக நோவாவின் ஆய்வுக் கப்பல் பெரிங் கடலுக்குப் போக முடியவில்லை. மூன்று செயில்ட்ரோன்களை (அந்த நிறுவனத்தின் ஆளில்லாக் கலங்கள்) கலிபோர்னியாவிலிருந்தே ஓட்டிப்போய் பொலாக் மீனை அளந்தார்கள். அந்த வருடம் அறவே தகவல் இல்லாமல் போவதை அது தடுத்தது, பெரிய காரியம்தான்.

ஆனால் அவற்றில் இருக்கும் எதிரொலிமானி (ஒலி அனுப்பி எதிரொலியை அளக்கும் கருவி) சொல்வது ‘இங்கே இவ்வளவு மீன் திரள்’ என்பதை மட்டுமே. குஞ்சா, முட்டையிடும் பருவமா, வயது என்ன, அது தெரியாது. வயது பார்க்க வலை போட்டு மீனைத் தூக்கி, தலைக்குள் இருக்கும் காதுக்கல்லை எடுத்து, அதன் வளையங்களை எண்ண வேண்டும். மரத்தின் வளையம் மாதிரிதான். அந்தக் கல்லை இடுக்கியால் எடுக்கும் கை இன்னும் கப்பலில்தான் போகிறது.

வரைபடக்காரன்

மீன் விஷயத்தில் திருத்திக்கொள்கிறேன். ஆழ்கடல் தேடலுக்கு வருவோம். 2009 ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லாண்டிக்கில் விழுந்தது. கடலடியில் கிடந்த பகுதி இரண்டு வருடம் கிடைக்கவில்லை. பிரெஞ்சு அரசின் விபத்து விசாரணை அமைப்பு 2011இல் மூன்று ‘ரீமஸ் 6000’களை இறக்கியது. ஏப்ரல் தொடக்கத்தில், ஏறக்குறைய 3,900 மீட்டர் ஆழத்தில் சிதறல் கிடைத்தது. ஆளை வைத்து இதைச் செய்திருக்க முடியுமா?

இரண்டாம்_அதிகாரி

முடியாது. முழுக்க ஏற்கிறேன். ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். கறுப்புப் பெட்டிகளை மே மாதம் மேலே கொண்டுவந்தது வேறு இயந்திரம். கேபிள் கட்டி, கப்பலில் உட்கார்ந்து ஒருவர் கைப்பிடியை அசைத்து ஓட்டிய ‘ரெமோரா’. தேடியது தானாக, எடுத்தது ஆள். நான் முதலிலிருந்து சொல்வதும் அதுவேதான்.

சட்டப்புள்ளி

இன்னொன்று. ஆளில்லாக் கலத்தை எடுத்துக்கொண்டு போவது சுலபம். 2016 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் சுபிக் விரிகுடாவுக்கு அப்பால் அமெரிக்கக் கடற்படையின் நீரடி கிளைடர் (நீருக்குள் சறுக்கிச் செல்லும் ஆளில்லாக் கலம்) ஒன்றைச் சீனர்கள் அள்ளிக்கொண்டு போய், சில நாள் கழித்துத் திருப்பித் தந்தார்கள். 2022 செப்டம்பரில் செங்கடலில் ஈரானியப் போர்க்கப்பல் இரண்டு செயில்ட்ரோன்களைத் தூக்கியது. திரும்பி வந்தபோது கேமராக்களைக் காணோம் என்றது அமெரிக்கக் கடற்படை. கப்பல் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றது ஈரான்.

ஆள் இருந்தால் இப்படித் தொட யோசிப்பார்கள். உடன்படிக்கையின் 29ஆம் பிரிவில் ‘போர்க்கப்பல்’ என்றாலே அதிகாரியின் கட்டளையில், படை ஒழுங்குக்கு உட்பட்ட ஊழியரோடு இருப்பது. கிளைடர் அதில் எங்கே பொருந்தும் என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நிரலன்

பிடிச்சுட்டுப் போகட்டுமே! போனது மெஷின்தானே. 2016லயும் 2022லயும் அதுல ஆள் இருந்திருந்தா பணயக்கைதிப் பிரச்சினை ஆகியிருக்கும். இது எனக்குச் சாதகமான உதாரணம் சார்.

சட்டப்புள்ளி

அது சரியான அடி. வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம்_அதிகாரி

நிரலன் தம்பி, ஒரு சின்னக் கேள்வி. நீங்கள் இந்தத் துறையில் இருக்கிறீர்கள் என்று பேச்சில் தெரிகிறது. கரையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஒரு நேரத்தில் எத்தனை கலம்?

நிரலன்

எங்க இடத்துல ராத்திரி ஷிஃப்டுன்னா ஒருத்தருக்கு ஆறு. எல்லாத் திரையையும் முழிச்சுப் பார்க்க மாட்டோம். மென்பொருள் எதையாவது சந்தேகப்பட்டா சத்தம் போடும், அப்ப திரும்பிப் பார்ப்போம்.

இரண்டாம்_அதிகாரி

ஆக, உங்கள் அறையிலும் ஒரு மணி இருக்கிறது.

நிரலன்

😀 இருக்கு சார்.

வரைபடக்காரன்

ரோந்து, மீட்பு இரண்டையும் என் முதல் பதிவின் பட்டியலிலிருந்து இப்போதைக்கு எடுத்துவிடுகிறேன். அளவையும் கண்ணிவெடியும் அப்படியே இருக்கும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். மீன்கணக்கு, அந்தக் காதுக்கல் எண்ணுவதைப் பற்றித் தனி இழை போடுங்கள், எனக்கு அதில் நிறையக் கேட்க இருக்கிறது.