ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை: தூதரக வழியா, பல்கலைக்கழக வழியா?

கேள்வி

வணக்கம். குடிசார் பொறியியலில் இளநிலைப் பட்டம் பெற்று, கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். வயது 26. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்கள் குறித்து ஜப்பானில் முதுநிலை படிக்க விரும்புகிறேன். சொந்தச் செலவில் செல்ல வசதியில்லை என்பதால், அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் வழங்கும் மெக்ஸ்ட் உதவித்தொகையின் ‘ஆய்வு மாணவர்’ பிரிவுக்கு விண்ணப்பிக்க எண்ணியுள்ளேன்.

அறிவிப்பை நான்கைந்து முறை படித்த பிறகும் சில ஐயங்கள் தீரவில்லை. தூதரகத்தின் பரிந்துரை, பல்கலைக்கழகத்தின் பரிந்துரை என இரண்டு வழிகள் கூறப்பட்டுள்ளன. வேலையில் இருக்கும் எனக்கு எது பொருந்தும்? பேராசிரியர்கள் அறுவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஐவரிடமிருந்து பதிலே இல்லை. ஒருவர் மட்டும், முதற்கட்டத் தேர்வில் வெற்றி பெற்ற பின் எழுதுமாறு ஒரே வரியில் பதில் அனுப்பினார். அதை மறுப்பாகவே கொள்ள வேண்டுமா? மேலும், பட்டத்துக்காகச் செல்லும் என்னை ‘ஆய்வு மாணவர்’ என்று சேர்த்துக்கொண்டால், ஓராண்டு வீணாகிவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. ஜப்பானிய மொழி எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

முதல் பதில் (தூதரக வழியில் சென்றவர்)

உங்கள் கடைசி ஐயத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் நானும் அதில்தான் வெகுநாள் சிக்கிக்கொண்டிருந்தேன். ‘ஆய்வு மாணவர்’ என்ற பெயரை அமைச்சகம் ஓரிடத்தில் உதவித்தொகைப் பிரிவின் பெயராகவும், பல்கலைக்கழகங்கள் வேறோரிடத்தில் மாணவரின் சேர்க்கை நிலையாகவும் ஆள்வதே குழப்பத்துக்கு வேர். பிரிவு என்ற பொருளில் அது முதுநிலை மாணவர், முனைவர் பட்ட மாணவர், பட்டம் சாராத மாணவர் ஆகிய அனைவரையும் உள்ளடக்கும். சேர்க்கை நிலை என்ற பொருளில் அது ஜப்பானியர் ‘கென்க்யூசெய்’ என்று அழைக்கும் பட்டம் சாராத மாணவரை மட்டுமே குறிக்கும். கென்க்யூசெய்யாக இருக்கும் காலம் பட்டத்துக்குக் கணக்கில் வராது என்பது உண்மை. அந்தக் காலத்துக்குள் முதுநிலை நுழைவுத் தேர்வில் வெற்றி பெறாவிட்டால் உதவித்தொகையும் நின்றுவிடும். தகுதியுள்ளவர்கள், பல்கலைக்கழகம் இசைந்தால், நேரடியாகவே முதுநிலையில் சேர்வதும் உண்டு.

ஆனால் அது வீணான காலம் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் ஆறு மாதங்கள் மொழிப் பயிற்சியிலும், அடுத்த ஆறு மாதங்கள் ஆய்வகத்தின் வாராந்திரக் கூட்டங்களில் அமர்வதிலும், நான்கு ஆண்டுகளாகத் தொடாத கணிதத்தையும் கட்டமைப்பு இயந்திரவியலையும் மீண்டும் படிப்பதிலும் எனக்குக் கழிந்தன. அந்த இடைவெளி கிடைக்காமல் நேரே நுழைவுத் தேர்வு எழுதியிருந்தால் நான் தேறியிருக்க மாட்டேன். மூன்றாண்டுகளாக மென்பொருளில் மட்டும் வடிவமைத்துவரும் ஒருவருக்கு இது பொருந்தாது என்று எண்ண வேண்டாம்.

இனி வழிமுறைக்கு வருகிறேன். தூதரக வழியில் முதலில் ஆவணங்கள் பரிசீலிக்கப்படும். அதில் தேறியவர்கள் மொழித் தேர்வையும் நேர்காணலையும் எதிர்கொள்வர். அறிவிப்பு பெரும்பாலும் ஏப்ரலை ஒட்டி வெளியாகும், கால அட்டவணை நாட்டுக்கு நாடு வேறுபடும். முதற்கட்டத்தில் வென்றவருக்குத் தூதரகம் அதற்கான சான்றிதழ் வழங்கும். அதை இணைத்துத்தான் பல்கலைக்கழகங்களிடம் தற்காலிக ஏற்புக் கடிதம் கோர வேண்டும். பிறகே அமைச்சகத்தின் இரண்டாம் கட்டப் பரிசீலனை. ஆகவே அந்தப் பேராசிரியர் உங்களை மறுக்கவில்லை, நடைமுறையைத்தான் சொல்லியிருக்கிறார். நன்றி தெரிவித்து, ஆய்வுத் திட்டத்தின் சுருக்கத்தை ஒரே பத்தியில் எழுதி அனுப்பி வையுங்கள். சான்றிதழ் கிடைத்த பின் கடிதம் கோர உள்ள கால அவகாசம் மிகக் குறைவு. அப்போது உங்கள் பெயரை முன்பே அறிந்த ஒருவர் அங்கே இருப்பது பெரும் துணை.

மொழி தெரியாதது தடையன்று. ஆங்கிலத்திலேயே முதுநிலைப் படிப்பு நடத்தும் துறைகள் பொறியியலில் பல உள்ளன. எனினும் ஹிரகனா, கதகனா ஆகிய இரு எழுத்து வரிசைகளையும் கற்றுக்கொண்டு நேர்காணலுக்குச் செல்லுங்கள். மூன்று வார உழைப்பு போதும், அக்கறையைக் காட்ட அதுவே எளிய வழி.

இரண்டாம் பதில் (பல்கலைக்கழக வழியில் சென்றவர்)

மேலே கூறியவற்றோடு உடன்படுகிறேன். நான் சென்ற வழியைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். இங்கே தூதரகம் இடையில் வராது. பேராசிரியர் முதலில் உங்களை ஏற்க வேண்டும்; அவர் வழியாகப் பல்கலைக்கழகம் உங்கள் பெயரை அமைச்சகத்துக்குப் பரிந்துரைக்கும். மதிப்பெண் வரம்பு இதில் கண்டிப்பானது: கடைசி இரண்டு ஆண்டுகளின் மதிப்பெண்களை அமைச்சகத்தின் 3.00 அளவுகோலுக்கு மாற்றினால் 2.30 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். கணக்கிடும் முறையை விண்ணப்பக் குறிப்பிலேயே தந்திருப்பார்கள். முதலில் அதைச் செய்து பாருங்கள், குறைந்தால் இவ்வழியை மறந்துவிடலாம்.

பேராசிரியர் எவரும் இன்னும் உங்களை அறியாத நிலையில் தூதரக வழியே உங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து. ஒரே ஆண்டுக்கான உதவித்தொகைக்கு இரண்டு வழிகளிலும் ஒருசேர விண்ணப்பிக்க விதி இடம் தராது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். கல்விக் கட்டணமும் விமானப் பயணச் செலவும் அரசினுடையவை. மாத உதவித்தொகை நான் இருந்த காலத்தில் பட்டம் சாராதவருக்கு 1,43,000 யென், முதுநிலை மாணவருக்கு 1,44,000 யென், முனைவர் பட்ட மாணவருக்கு 1,45,000 யென் என்றிருந்தது. சில பகுதிகளில் இரண்டாயிரம் அல்லது மூவாயிரம் யென் கூடுதலாகக் கிடைக்கும். தனியாக வாழ்பவருக்கு இது போதும், குடும்பத்துக்கெனத் தனித் தொகை இல்லை. முதல் மாதத் தொகை கைக்கு வர ஒரு மாதம், சில வேளை ஒன்றரை மாதம் ஆகும். அதற்குள் வீட்டு வாடகையும் முன்பணமும் கேட்பார்கள். நான் கையில் போதிய பணமின்றிப் போய், உடன் படித்தவரிடம் கடன் வாங்கித்தான் முதல் மாதத்தைக் கடத்தினேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தூதரக வழியிலேயே விண்ணப்பிக்கிறேன். ஆய்வுத் திட்டத்தின் தொடக்கத்தை இங்கே இடுகிறேன். குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

“நிலநடுக்கப் பொறியியலில் ஜப்பான் உலகுக்கே முன்னோடியாகத் திகழ்கிறது. அந்நாட்டின் மேம்பட்ட தொழில்நுட்பங்களைக் கற்று, மிகி நகரில் உள்ள ‘ஈ-டிஃபென்ஸ்’ அதிர்வு மேடையில் சோதனைகள் மேற்கொண்டு, என் நாட்டு மக்களுக்குப் பாதுகாப்பான கட்டடங்களை உருவாக்குவதே என் நோக்கம்.”

மூன்றாம் பதில் (கட்டமைப்புப் பொறியியல் ஆசிரியர்)

தயங்காமல் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்: இது திட்டம் அன்று, வாழ்த்துரை. முதல் வாக்கியம் ஜப்பானியருக்கு ஜப்பானைப் பற்றிச் சொல்கிறது. அதற்கு அவர்கள் மதிப்பெண் தர மாட்டார்கள். ஈ-டிஃபென்ஸ் என்பது 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்டு, முழு அளவுக் கட்டடத்தையே ஏற்றி அசைக்கும் மேடை. தேசிய ஆய்வு நிறுவனம் ஒன்றின் பொறுப்பில் உள்ள அதில் முதுநிலை மாணவர் ஒருவர் தம் விருப்பப்படி சோதனை நடத்த இயலாது. நேர்காணலில் “அனுமதி யார் தருவார்?” என்ற ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

நீங்கள் மூன்று ஆண்டுகளாக எதை வடிவமைக்கிறீர்களோ அதிலிருந்து தொடங்குங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாகனங்களை நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைத் தூண்களோடு திறந்து விட்டு, மேல் தளங்களைச் செங்கல் சுவர்களால் நிரப்புகிறோம். மேலே விறைப்பு மிகுதி, கீழே குறைவு. அதிரும்போது சிதைவு முழுவதும் தரைத்தளத் தூண்களில் குவிகிறது. 2001 ஜனவரி 26 அன்று நேர்ந்த புஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து நெடுந்தொலைவில் உள்ள அகமதாபாத்திலும் இத்தகைய கட்டடங்கள் இடிந்து விழுந்தன.

‘ஏன் ஜப்பான்?’ என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. 1995-இல் கோபே நகரில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் அவர்கள் ‘பிலோட்டி’ என்று அழைக்கும் திறந்த தரைத்தளக் கட்டடங்கள் பல இதே முறையில் நொறுங்கின. பழைய கட்டடங்களை ஆராய்ந்து வலுவூட்டுவதை ஊக்குவிக்கும் சட்டம் அதே ஆண்டில் இயற்றப்பட்டது. பள்ளிக் கட்டடங்களின் சன்னல்களுக்குக் குறுக்கே எஃகுத் தாங்கிகள் பொருத்தப்பட்டிருப்பதை அங்கு சென்றால் காண்பீர்கள். நமக்கு வேண்டிய கேள்வி, அந்தத் தாங்கியைத் தரைத்தளத்தில் வைத்தால் வாகனம் எப்படி நுழையும் என்பதுதான். தூண்களுக்கு மட்டும் எஃகு உறையிட்டால் போதுமா, எந்தெந்தப் பகுதிகளில் தாங்கி தவிர்க்க இயலாதது என்று நீங்கள் கேட்டால், அது கணினி மாதிரியைக் கொண்டு இரண்டு ஆண்டுகளில் முடிக்கத்தக்க ஆய்வாகும்.

இன்னொன்று. உங்கள் பேராசிரியர் எதை ஆய்ந்துள்ளார் என்று பார்த்து, அவருடைய கட்டுரை இரண்டையேனும் முழுமையாகப் படியுங்கள். பதில் எழுதாத ஐவருக்கும் ஒரே மின்னஞ்சலைப் பெயர் மாற்றி அனுப்பியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

ஊகம் சரியே, ஐயா. இரண்டு மின்னஞ்சல்களில் பெயரை மாற்றவும் மறந்திருக்கிறேன் என்பதை இன்றுதான் கண்டேன். தொடக்கத்தை இப்படித் திருத்தியுள்ளேன்: “செங்கல் நிரப்புச் சுவர்களும் திறந்த தரைத்தளமும் கொண்ட ஐந்து மாடி கான்கிரீட் கட்டடங்களில், வாகன வழியை அடைக்காமல் தரைத்தளத்தை வலுவூட்டத் தூண் உறையும் எஃகுத் தாங்கியும் எந்த அளவில் இணைய வேண்டும் என்பதை இவ்வாய்வு ஆராயும்.” ஈ-டிஃபென்ஸை நீக்கிவிட்டேன். பரிந்துரைக் கடிதம் கேட்டு என் பழைய துறைத்தலைவரை இவ்வாரம் சந்திக்கிறேன். இந்த வாக்கியத்தை அவரிடமும் காட்டுவேன்.

மூன்றாம் பதில் தந்தவர்

‘ஐந்து மாடி’ என்று வரையறுத்தது நன்று. எத்தகைய நில அதிர்வுக்கு என்பதையும் அடுத்த வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். நேர்காணலில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.