கைதிகள் மறுவாழ்வு டெண்டர்: பெரிய நிறுவனத்தோடு கூட்டாகப் போகலாமா?

கூடலூர்_களப்பணி கேட்டது:

வணக்கம். கூடலூர், பந்தலூர் பக்கம் வேலை செய்யும் சின்ன அறக்கட்டளை நாங்கள். கோவை மத்திய சிறையில் விசாரணைக் கைதியாக இருப்பவர்களின் குடும்பங்களைப் பார்த்துக்கொள்கிறோம். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்களுக்கு ஆள் தேடுகிறோம், வெளியே வந்தவர்களைக் குடியிலிருந்து மீட்டு வேலைக்கு அனுப்புகிறோம். இப்போது இதே வேலையை நீலகிரி மாவட்டம் முழுக்கச் செய்ய டெண்டர் விட்டிருக்கிறார்கள். மூன்று வருட ஆடிட் கணக்கு, பெரிய ஆண்டு வரவு, டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகை எல்லாம் கேட்பதால் எங்களால் தனியாக நிற்க முடியாது.

கீழே கோவையிலிருந்து ஒரு பெரிய தொண்டு நிறுவனம், "கூட்டாளியாக ஒரு ஒப்புதல் கடிதம் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறது. அந்தக் கடிதத்தில் எங்கள் வேலை என்ன, பணம் எவ்வளவு என்று ஒரு வரியும் இல்லை. கோத்தகிரியிலும் குன்னூரிலும் எங்களைப் போலவே இரண்டு அமைப்புகள் உண்டு. அவர்களோடு சேர்ந்து நாங்களே கேட்பதா, பெரியவர்களோடு போவதா? இந்த வேலை தெரியாத ஆட்கள் கைக்குப் போய்விட்டால் எங்கள் ஜனங்கள்தான் கஷ்டப்படுவார்கள், அதனால்தான் கேட்கிறேன்.

கோத்தகிரி_கணக்கர்:

அண்ணா, பங்கு எழுதாத கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கடிதத்தால் அவர்களுக்குத்தான் மதிப்பெண் கிடைக்கும், உங்களுக்கு எந்த உரிமையும் வராது. எந்தத் தாலுகா யாருக்கு, எத்தனை களப்பணியாளர், மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வரும், இதெல்லாம் டெண்டர் போடுவதற்கு முன்பே ஒப்பந்தமாக எழுத வேண்டும். ஜெயித்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றால் அப்போது உங்கள் பேச்சு எடுபடாது.

முக்கியமாக ஒன்று கவனியுங்கள். "அரசுப் பணம் வந்ததும் உங்கள் பங்கைத் தருகிறோம்" என்ற வரி எப்படியாவது உள்ளே நுழைந்துவிடும். அரசுப் பில் தாமதமாவது வழக்கமான விஷயம், பெரிய நிறுவனம் அதைத் தாங்கும், உங்களால் முடியாது. முன்பணம் கேளுங்கள். தாமதமானால் தங்களுக்கு வரும் வெளிநாட்டு நன்கொடையிலிருந்து சமாளிக்கலாம் என்று அவர்கள் சொன்னாலும் நம்ப வேண்டாம், ஏனென்றால் 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் 7வது பிரிவு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதையே தடுத்துவிட்டது. பெறுகிற அமைப்புக்கு அந்தச் சட்டப்படி பதிவு இருந்தாலும் முடியாது. 2020க்கு முன்னால் பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்த முறை இப்போது இல்லை.

குன்னூர்_லீட்ஸ்:

நான் குன்னூர், இப்போது இங்கிலாந்தில் இருக்கிறேன், நன்னடத்தைக் கண்காணிப்புத் துறையோடு (தண்டனை பெற்றவர்களைச் சிறைக்கு வெளியே கண்காணிக்கும் துறை, ப்ரொபேஷன் என்பார்கள்) சேர்ந்து இயங்கும் ஒரு தொண்டு அமைப்பில் வேலை. இங்கே நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உபயோகப்படும்.

2014இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த 35 நன்னடத்தை அறக்கட்டளைகளை (இவை அரசு அமைப்புகள்) கலைத்துவிட்டு, மற்றவர்களுக்குக் குறைந்த அல்லது நடுத்தர ஆபத்து விளைவிக்கக்கூடியவர்களைக் கண்காணிக்கும் வேலையை 21 கம்பெனிகளாகப் பிரித்து ஒப்பந்தம் விட்டார்கள். தொண்டு அமைப்புகளுக்குப் பெரிய இடம் கிடைக்கும் என்றுதான் சொல்லப்பட்டது. ஆனால் ஒப்பந்தங்கள் மிகப் பெரியவை, பணத்தில் ஒரு பகுதி மறுகுற்றம் குறைந்தால்தான் வரும், அந்த ரிஸ்க்கைத் தாங்கும் மூலதனம் தனியார் கம்பெனிகளிடம்தான் இருந்தது. டர்ஹம், டீஸ் வேலி பகுதியை மட்டும் லாப நோக்கமில்லாத ஒரு கூட்டணி ஜெயித்தது. பல சின்ன அமைப்புகளின் பெயர் விண்ணப்பத்தில் இருந்தது, பிறகு அவர்களுக்கு வேலை வரவே இல்லை, அல்லது கொஞ்சம்தான் வந்தது. கம்பெனிகளுக்கும் எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. மூன்று ஒப்பந்தங்களை நடத்திய கம்பெனி 2019 பிப்ரவரியில் திவாலானது. 2021 ஜூனில் கண்காணிப்பு முழுவதும் அரசிடமே திரும்பிப் போனது.

இன்னொரு பக்கமும் உண்டு. பீட்டர்பரோ சிறையில் 2010இல் ஆரம்பித்த திட்டத்தில் பல தொண்டு அமைப்புகள் ஒரே பெயரின் கீழ் வேலை செய்தன. ஒருவர் சிறை வாசலிலேயே ஆளைச் சந்திப்பார், ஒருவர் குடும்பத்தைப் பார்ப்பார், இன்னொருவர் வேலை தேடித் தருவார். நடுவில் ஒரு ஒருங்கிணைப்பாளர். முதலீட்டாளர்கள் பணத்தை முன்னாடியே போட்டார்கள், பலன் வராவிட்டால் நஷ்டம் அவர்களுடையது, தொண்டு அமைப்புகளுடையது இல்லை. ஒப்பிட்டுப் பார்த்த குழுவை விட மறுகுற்றம் 9 சதவீதம் குறைந்தது. ஆக நஷ்டம் யார் தலையில் விழும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன், பெரியவரா சின்னவரா என்பதெல்லாம் அப்புறம்.

அய்யன்கொல்லி_மலர்:

கணக்கர் தம்பியும் குன்னூர்த் தம்பியும் சொன்னது சரி. களத்தில் இருப்பவள் என்ற முறையில் ஒன்றிரண்டு சேர்க்கிறேன்.

இந்த மலையில் ஜாமீன் என்பதே வேறு பிரச்சினை. ஜாமீன்தாரர் வீட்டு வரி ரசீது, பட்டா என்று ஏதாவது காட்ட வேண்டும். கூடலூர் ஜன்மம் நிலச் சட்டத்தின் 17வது பிரிவில் உரிமை தீராமல் மாட்டிக்கொண்ட இடங்களில் தலைமுறையாக இருப்பவர்களிடம் பட்டா கிடையாது. பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளில் கேட்கவே வேண்டாம். 2023இல் வந்த ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகை கொடுக்க வழி இருக்கிறது, ஆனால் கஞ்சா வழக்கு மாதிரி போதைப்பொருள் வழக்குகளுக்கு அது கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 479வது பிரிவில், முதல் முறை வழக்கில் சிக்கியவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்திருந்தால் ஜாமீனில் விட வேண்டும், ஆயுள், தூக்குத் தண்டனை வழக்குகள் நீங்கலாக. இதையெல்லாம் பணிய மொழியில் உள்ளே இருப்பவரின் அம்மாவிடம் உட்கார்ந்து சொல்ல யார் இருக்கிறார்கள்? கோவையில் ஆள் எடுத்து அனுப்பினால் நடக்காது. உங்கள் பலம் இதுதான், அதற்கான விலையை ஒப்பந்தத்தில் கேளுங்கள்.

இன்னொன்று யாரும் பேசவில்லை. ஒரே பாடியில், அதாவது எஸ்டேட் குடியிருப்பு வரிசையில், அடித்தவரும் அடி வாங்கியவரும் இருப்பார்கள். உங்கள் கூட்டணியில் ஒரு அமைப்பு பாதிக்கப்பட்ட பெண்களுக்கான மையத்தில் வேலை செய்து, இன்னொன்று குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்த்துக்கொண்டால், இரண்டு பேரின் கோப்பும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது. அந்தப் பெண் எங்கே தங்கியிருக்கிறாள் என்பது எந்த வழியிலும் கசியக் கூடாது. கூட்டாகச் செய்வதில் எனக்குப் பயம் இதில்தான், பணத்தில் இல்லை.

கூடலூர்_களப்பணி:

மலர் அக்கா, கோப்பு விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை, ரொம்ப நன்றி. கணக்கர் தம்பி, கோத்தகிரி, குன்னூர் அமைப்புகளோடு சேர்ந்து புதிதாக ஒரு கூட்டமைப்பைப் பதிவு செய்து கேட்கலாமா?

கோத்தகிரி_கணக்கர்:

புதிதாகப் பதிவு செய்தால் மூன்று வருடக் கணக்குக்கு எங்கே போவீர்கள் அண்ணா? இருக்கிற மூன்றில் நல்ல ஆடிட் உள்ள பழைய அமைப்பு முன்னணியில் நிற்கட்டும், மற்ற இருவரும் கூட்டாளி. ஆனால் கூட்டு விண்ணப்பம் என்றால் ஒருவர் தவறினாலும் எல்லோருக்கும் பொறுப்பு வரும் என்ற நிபந்தனை இருக்கும், அதை மூன்று நிர்வாகக் குழுவும் படித்துத் தீர்மானம் போட வேண்டும். டெண்டருக்கு முன் விளக்கக் கூட்டம் இருந்தால் கட்டாயம் போங்கள். மூவரின் வரவையும் கூட்டிக் கணக்கில் எடுப்பார்களா, முன்வைப்புத் தொகையில் விலக்கு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் வர வேண்டும். இல்லை என்று வந்தால் அப்புறம் கோவைக்காரர்களிடம் போகலாம், அப்போதும் மூன்று பேரும் ஒன்றாகத்தான் பேசப் போக வேண்டும்.