பத்து வருடம் கடந்து மீண்டும் மாணவராக: தீவிர சிகிச்சை மேற்படிப்பில் நாம் கண்டவை

வைத்திய அதிகாரி, மட்டக்களப்பு

தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 11 வருடங்கள் வேலை செய்த பின்னரே, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் தீவிர சிகிச்சை மருத்துவ டிப்ளோமாவுக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு வயது 41. இரண்டு பிள்ளைகளையும் அம்மாவிடம் விட்டுவிட்டு இரவுப் புகையிரதத்தில் புறப்பட்ட என்னிடம், "இத்தனை வருடம் செய்த வேலையில் இனிப் படிக்க என்ன கிடக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். பதில் என்னிடம் இருந்தது; சொல்லத் துணிவு வரவில்லை. மேற்படிப்புக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் வைத்தியர்களும் தாதியர்களும் அறிய வேண்டும் என்பதற்காக அதை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு நோயாளி இருந்தால் அவரைப் பற்றி எழுதுங்கள்.

மேற்படிப்புக்கு மூன்று வருடங்களுக்கு முன், நான் வேறொரு வைத்தியசாலையில் இருந்த காலத்தில், படுவான்கரையிலிருந்து ஒரு விவசாயியைக் கொண்டுவந்தார்கள். ஓர்கனோபொஸ்பேற் வகைப் பூச்சிநாசினி உடலில் ஏறியிருந்தது. கண்மணிகள் குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருந்தன. வாயாலும் மூக்காலும் நீர் வடிந்தது. நெஞ்சு முழுவதும் ஈரச் சத்தம். வேளாண்மைக்கு மருந்தடிக்கும் மாதங்களில் எங்கள் மாவட்டத்தில் வேலை செய்த எவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. இந்த நஞ்சுக்கு மாற்று மருந்தான அத்ரோபினைக் கொடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நெஞ்சைக் கேட்டு, தெளியாவிட்டால் அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த வேலையில் எனக்குக் கை தேர்ந்திருந்தது. ஒரு மணித்தியாலத்துக்குள் நெஞ்சு தெளிந்தது.

மூன்றாம் நாள் காலையில் அவர் கண் விழித்து, மனைவியுடன் பேசி, தேநீர் கேட்டார். கட்டில்களுக்குத் தட்டுப்பாடு இருந்தது. அவரைச் சாதாரண விடுதிக்கு மாற்றலாம் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். புறப்படும்போது அவர் தாதியிடம், "மிஸ், தலையணையில இருந்து தலையத் தூக்க ஏலாமக் கிடக்கு" என்றார். தாதி அதைக் குறிப்பில் எழுதினார். நானும் வாசித்தேன். மூன்று நாள் படுக்கையில் கிடந்தவருக்கு வரும் களைப்பு என்று எண்ணிக் கடந்துவிட்டேன். அன்றிரவு விடுதியில் அவருடைய மூச்சு நின்றது. தொண்டையில் குழாய் போட்டு, செயற்கைச் சுவாச இயந்திரத்தில் வைத்து உயிரைக் காப்பாற்றினோம். இரண்டு கிழமையில் வீட்டுக்கும் போனார். ஆனால் முன்பு போல் தானே கணக்குப் பார்த்து நெல் விற்க அவரால் முடியவில்லை என்று, மாதாந்தக் கிளினிக்கில் அவருடைய மனைவி என்னிடம் சொன்னார்.

கொழும்பில் இரண்டாவது மாதம், எங்கள் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொருவரும் தாம் தவறவிட்ட ஒரு நோயாளியைப் பற்றி மணி வாரியாக எழுதிக்கொண்டு வரச் சொன்னார். நான் இவரைப் பற்றி எழுதினேன். ஆசிரியர் அத்ரோபின் அளவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. "தலையைத் தூக்க முடியவில்லை என்று அவர் சொன்னது நஞ்சு ஏறி எத்தனையாவது மணித்தியாலத்தில்?" என்று மட்டும் கேட்டார். கணக்கிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 60. முதல் நெருக்கடி தணிந்த பின், 24 மணித்தியாலத்துக்கும் 96 மணித்தியாலத்துக்கும் இடையில், கழுத்துத் தசைகளும் தோள், இடுப்புத் தசைகளும் தளர்ந்து, பிறகு மூச்சுத் தசைகளும் தளரும் இடைநிலைத் தளர்ச்சியை 1987இல் உலகுக்கு விவரித்தவர்கள் நிமால் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த என்ற நம் நாட்டு மருத்துவர்கள் இருவர். அவர்கள் பார்த்ததும் நம் நாட்டு நோயாளிகளைத்தான். அந்தத் தளர்ச்சியின் பெயரை நான் மாணவியாக இருந்தபோதே படித்துப் பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். அறியாமல் விட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது. நூறு பேரில் அத்ரோபின் வேலை செய்ததைப் பார்த்த பழக்கம், நோயாளி தன் வாயால் சொன்னதையே கேட்க விடாமல் என்னைத் தடுத்துவிட்டது.

அதன் பின் அந்தப் படிப்பு முழுவதும் எனக்கு அந்த ஒரு கேள்வியாகவே இருந்தது. கட்டிலருகே நின்று எந்த முடிவை எடுத்தாலும், ஏன் எடுக்கிறேன், அது பிழையாகிப் போனால் முதலில் எது மாறும், அதை யார் எப்போது பார்ப்பார் என்று உரத்துச் சொல்ல வைத்தார்கள். பதினொரு வருடமாகக் கையால் செய்ததை வாயால் சொல்லும்போது, அதில் பாதிக்கு எனக்கே காரணம் தெரியவில்லை. இன்று நஞ்சுண்ட எவரையும் நான்கு நாளுக்குள் தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லாமல், ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்க்காமல், நான் விடுதிக்கு மாற்றுவதில்லை. இரண்டின் முடிவுகளும் வெப்பநிலை அட்டைக்குக் கீழேயே எழுதப்படுகின்றன.

தாதிய உத்தியோகத்தர், கல்முனைப் பக்கம்

டொக்டர் எழுதியதை வாசித்தபோது அந்தத் தாதியின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். அவர் எழுதினார், ஆனால் குரல் எழுப்பவில்லை. எங்களுக்குப் பல வருடம் அப்படித்தான் பழக்கம். தீவிர சிகிச்சைத் தாதியியலில் சிறப்புப் பயிற்சிக்குப் போகும்போது எனக்கு 14 வருடச் சேவை இருந்தது. அங்கே நான் கற்றவற்றுள் முதன்மையானது எது என்று கேட்டால், கட்டுவிரியன் தீண்டிய ஓர் இளைஞனைத்தான் சொல்வேன்.

வயல் வாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தவன். கட்டுவிரியனின் கடி பெரும்பாலும் வலிக்காது, வீக்கமும் இராது. ஆகவே வயிற்றுவலி என்றுதான் விடியற்காலையில் எழுந்திருக்கிறான். சிறிய வைத்தியசாலைக்குக் கொண்டுவரும்போது இமைகள் இறங்கிவிட்டன. அம்புலன்ஸில் நானும் ஒரு வைத்தியரும் மாறி மாறிக் கைப்பையால் (கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் பை) மூச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தோம். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன் சொன்ன வழியில் ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் கைப்பையை அழுத்தினார்கள் என்றும், தீவிர சிகிச்சை என்ற துறையே அங்கிருந்துதான் வளர்ந்தது என்றும் வகுப்பில் கேட்டபோது, என் விரல்களுக்கு அந்த அம்புலன்ஸ் பயணம்தான் நினைவுக்கு வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. இயந்திரத்தில் வைத்த மறுநாள் அவனுடைய கைவிரல்கூட அசையவில்லை. கண்மணிகள் விரிந்து, வெளிச்சத்துக்கும் சுருங்கவில்லை. பயிற்சிக்கு முந்திய நான் என்றால், "மூளை போயிற்று போல" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லியிருப்பேன். அதை அவனுடைய கட்டிலருகிலேயே சொல்லியிருப்பேன். கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு முனைகளையே சிதைக்கிறது, மூளையைத் தொடுவதில்லை என்பதும், தசை எல்லாம் அடங்கிக் கண்மணியும் அசையாத ஒருவர் முழு நினைவோடு நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பதும் எனக்குப் பயிற்சியில் கிடைத்த அறிவு. விஷமுறிவு மருந்து கொடுத்தாலும் ஏற்கெனவே வந்த தளர்ச்சி உடனே திரும்பாது. நரம்பு முனைகள் மீண்டும் வளரும்வரை நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே குழாயைத் துப்புரவு செய்யும்போதும், புரட்டிப் படுக்க வைக்கும்போதும், "தம்பி, இப்ப இருமல் வரும், பயப்படாத" என்று ஒவ்வொரு தடவையும் அவனுக்குச் சொன்னோம். நேரத்தையும் நாளையும் சொன்னோம். நினைவோடு அசையாமல் கிடக்கும் பயத்தைத் தணிக்கத் தூக்க மருந்தும் வலி மருந்தும் எழுதும்படி வைத்தியரிடம் கேட்டு வாங்கினேன்.

குழாய் எடுத்த பின் அவன் தொண்டை கட்டிய குரலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "வெள்ளிக்கிழமை பின்னேரம் என்ர உம்மாவ அழ வேணாமெண்டு சொன்னது நீங்கதானே மிஸ்?"

அன்று அவனுடைய உம்மாவிடம் பேசும்போது நான் கட்டிலுக்கு மறுபக்கம் நின்றேன்.

தாதி, இங்கிலாந்து, சொந்த ஊர் களுவாஞ்சிகுடி

இந்நாட்டில் தாதியர், இயன்மருத்துவர் போன்றோர் பல வருட அனுபவத்துக்குப் பின் மேம்பட்ட தீவிர சிகிச்சைப் பணியாளராகப் பயில்வதற்கு ஒரு வழி இருக்கிறது. அதற்கான தேசியக் கல்விச் சட்டகம் 2008இல் வந்தது. 2010இல் உருவான தீவிர சிகிச்சை மருத்துவப் பீடம் இப்போது அதன் பாடத்திட்டத்தைப் பேணுகிறது. படிப்பு இரண்டு வருடம். பல்கலைக்கழகப் பட்டப்பின் தகைமையோடு மருந்தெழுதும் உரிமைக்கான கல்வியும் உண்டு. பயிலும் காலத்தில் நம்மைப் பணிமுறைப் பட்டியலில் ஓர் ஆளாகக் கணக்கிடுவதில்லை என்பதே அதன் உயிர் என்று நான் கருதுகிறேன். ஒரு நோயாளியைப் பார்த்து, யோசித்து, நிபுணரிடம் சொல்லி, திருத்தப்படுவதற்கு நேரம் வேண்டும். எட்டுக் கட்டில்களுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே அதைச் செய்ய முடியாது.

என் நோயாளி ஒரு குள்ளமான, பருத்த அம்மா. நுரையீரல் இரண்டும் கிருமியால் இறுகி, இயந்திரத்தில் ஒரு மூச்சுக்கு 500 மில்லிலீற்றர் போய்க்கொண்டிருந்தது. தாதியாக ஒன்பது வருடம் அந்த 500ஐ மணிக்கொருதரம் அட்டையில் பதிந்தவள் நான். பயிலுநராக நின்ற முதல் கிழமையில் நிபுணர் என்னிடம், "இந்த 500 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உடற்பருமன் கூடினாலும் நுரையீரல் பெருக்காது என்பதால் மூச்சின் அளவை உயரத்தைக் கொண்டே கணக்கிட வேண்டும். நாடாவால் அளந்தோம்: 150 சென்ரிமீற்றர். அந்த உயரத்துப் பெண்ணுக்குக் கணக்கில் வரும் எடை 43 கிலோகிராம். கிலோவுக்கு 6 மில்லிலீற்றர் என்றால் ஏறக்குறைய 260. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காற்றை அந்த இறுகிய நுரையீரலுக்குள் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். 2000ஆம் ஆண்டில் வெளியான, அமெரிக்காவில் 861 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வில், கிலோவுக்கு 12 மில்லிலீற்றர் பெற்றவர்களில் 39.8 சதவீதத்தினரும் 6 மில்லிலீற்றர் பெற்றவர்களில் 31 சதவீதத்தினரும் இறந்தார்கள். நான் பதிந்த அட்டைகளில் எத்தனை 500கள் இருந்திருக்கும் என்று அன்றிரவு முழுவதும் யோசித்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன்: அந்த மாற்றத்துக்கு எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு தையல்காரரின் அளவு நாடா. ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

வைத்திய அதிகாரி, அம்பாறை மாவட்டம்

எல்லாம் உண்மை. ஆனால் நான்கு கட்டில்கள் உள்ள எங்களைப் போன்ற ஒரு பிரிவில் ஒருவர் படிப்புக்குப் போனால் பதிலாள் வருவதில்லை. நான் விண்ணப்பித்த இரண்டு தடவையும் என்னுடன் வேலை செய்யும் இருவரின் இரவுகளை எண்ணிப் பார்த்துத் திருப்பி எடுத்துவிட்டேன். இங்கிலாந்துச் சகோதரி சொன்ன, ஆளாகக் கணக்கிடாத அந்த ஏற்பாடு இங்கே வராதவரை, படிப்புக்குப் போகிறவர் தன் சக ஊழியர்களின் தூக்கத்தில்தான் படிக்கிறார். போக முடியாதவர்கள் என்ன செய்வது?

வைத்திய அதிகாரி, மட்டக்களப்பு

அம்பாறைச் சகோதரரின் கேள்வி நியாயமானது. நான் போன காலத்தில் என் இரவுகளையும் இருவர் சுமந்தார்கள். திரும்பி வந்து நான் முதலில் செய்த வேலை, அவர்களுக்கு அந்தக் கடனை அடைப்பதாகவே இருந்தது. எங்கள் பிரிவில் இப்போது புதன்கிழமைகளில் காலைப் பார்வை முடிந்ததும் இருபது நிமிடம் நிற்கிறோம். ஒருவர் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார். தாதியோ, வைத்தியரோ, இயன்மருத்துவரோ, யாராகவும் இருக்கலாம். ஆசிரியர் என்னிடம் கேட்ட கேள்வியைத்தான் மற்றவர்கள் கேட்பார்கள்: அவர் அதை எத்தனையாவது மணித்தியாலத்தில் சொன்னார்? அப்போது நீங்கள் என்ன நினைத்தீர்கள்? இது மேற்படிப்புக்கு ஈடாகாது. நுரையீரல் படமெடுக்கும் அல்ட்ராசவுண்டையோ, குருதிச் சுழற்சியைக் கட்டிலருகே மதிப்பிடும் முறையையோ இருபது நிமிடத்தில் கற்றுக்கொடுக்க முடியாது. அவற்றுக்கு ஆளை அனுப்பத்தான் வேண்டும். அதற்குப் பதிலாள் கேட்டுத் தொடர்ந்து எழுதத்தான் வேண்டும். நீங்கள் மூன்றாம் தடவை விண்ணப்பித்தால், கேட்டு எழுதும் கடிதத்தில் என் கையொப்பமும் இருக்கும்.

போன மாதம் அதிகாலை 2 மணிக்கு எங்கள் பிரிவில் சேர்ந்து எட்டு மாதமேயான ஒரு தாதி என்னை அழைத்தார். வெல்லாவெளிப் பக்கமிருந்து வந்த நஞ்சு நோயாளி. "டொக்டர், பின்னேரம் 28 மட்டும் எண்ணினவர், இப்ப 15ஓட நிக்கிறார். தலையத் தூக்கினா நடுங்குது. ஒட்சிசன் 98தான் இருக்கு, ஆனா நான் குழாய்ச் சாமானெல்லாம் எடுத்து வைச்சிட்டன்" என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கட்டிலின் தலைமாட்டுப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, நோயாளியின் மனைவியை வெளியே உட்காரவைத்து, என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நோயாளி ஒன்பது நாள் இயந்திரத்தில் இருந்தார். பத்தாம் நாள் குழாயை எடுத்தோம்; பதின்மூன்றாம் நாள் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு 30 வரை எண்ணிவிட்டு, இன்னும் எண்ண வேண்டுமா என்று அந்தத் தாதியிடம் கேட்டார்.