மறு: மீம் என்பதற்கு ‘நகைப்படம்’ சரியா?

வணக்கம்.

> மீம் என்றாலே படமும் கிண்டலும்தானே? ‘நகைப்படம்’ என்றால் பாட்டிக்கும் புரியும்.

பாட்டிக்கு நகைக்கடை விளம்பரம் என்றுதான் புரியும்!

அது கிடக்கட்டும். ‘படம்’தான் எனக்கு இடிக்கிறது. 2019 மே மாதக் கடைசியை நினைத்துப் பாருங்கள். ஃபேஸ்புக்கில் கட்டடப் பொறியியல் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் ‘சுத்தியல்’ என்று எழுதிவிட்டு, காண்ட்ராக்டர் நேசமணியின் மண்டை இதனால்தான் உடைந்தது என்றும் சேர்த்துவிட்டார். 2001இல் வந்த ஃபிரண்ட்ஸ் படத்தில் வடிவேலு நடித்த பாத்திரம் அது. இப்போது எப்படி இருக்கிறார் என்று இன்னொருவர் விசாரிக்க, நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹேஷ்டேக் ட்விட்டரில் உலக அளவில் டிரெண்டானது. மோடி இரண்டாம் முறை பதவியேற்ற அதே சமயத்தில்! படங்களும் வந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆளுக்கு ஆள் தொற்றிக்கொண்டது சிரிக்காமல் நலம் விசாரிக்கும் அந்தப் பாவனைதான். இதை எப்படி நகைப்படம் என்பது?

உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976இல் ‘மீம்’ என்ற சொல்லை உருவாக்கியபோது காட்டிய உதாரணங்களும் மெட்டு, உடை மோகம், பானை வனையும் விதம் போன்றவைதான். பார்த்துப் பார்த்துச் செய்வதால் பரவுகிறவை. போலச் செய்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ‘ஜீன்’ என்பதோடு ஓசை ஒத்துப்போகும்படி வெட்டிக்கொண்டார். அதற்காக நாமும் மரபணுவுக்கு ஜோடியாகப் ‘போலணு’ என்று போக வேண்டாம். அணு என்றதும் ஏதோ உயிரியல் பாடம் மாதிரி ஆகிவிடுகிறது.

ஏற்கெனவே புழங்கும் ‘போன்மி’ எனக்குச் சம்மதம். ‘போல்’ உள்ளே இருக்கிறது. இலக்கணத்தில் மகரக்குறுக்கம் (‘ம்’ ஒலி குறுகுவது) படித்தவர்களுக்கு, ‘போலும்’ என்பது குறுகிய ‘போன்ம்’ நினைவுக்கு வரும். ‘போன்மி போட்டான்’ என்று சொல்லிப் பாருங்கள், வாயிலும் நிற்கிறது. கட்டுரைகளுக்கு இது போதும். பேச்சில் மீம் இருந்துவிட்டுப் போகட்டும். மீயில் தொடங்கி மகர மெய்யில் முடிகிற சொல் தமிழுக்கு அந்நியமாக ஒலிக்காது. ‘ஒரு மீம்ஸ்’, ‘மீம்ஸ்கள்’ இரண்டைத்தான் நிறுத்த வேண்டும்.

உண்மையில் நமக்குச் சரியான சொல் அமையாதது டெம்ப்ளேட்டுக்குத்தான், அதாவது வசனத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் அந்த அடிப்படைப் படத்துக்கு. இங்கே ஒருவர் ‘வார்ப்பு’ என்றார். வார்த்தபின் கிடைப்பதல்லவா வார்ப்பு? நமக்கு வேண்டியது வார்க்கும் கருவி. கொழுக்கட்டை அச்சு, முறுக்கு அச்சு என்கிறோமே, அந்த ‘அச்சு’ ஏன் கூடாது? அச்சு அதேதான், பூரணம்தான் மாறும். ‘வடிவேலு அச்சு’, ‘காலி அச்சு’ என்றெல்லாம் சேர்த்துச் சொல்லலாம். அச்சிடுவதோடு குழம்பும் என்பீர்கள். மீம் போடுகிற இடத்தில் அச்சகத்தை யார் நினைக்கப் போகிறார்கள்?

மீம் போடுகிற மீமரைப் ‘போன்மியர்’ என்றால் ஏதோ சமயப் பிரிவு போல இருக்கிறது. வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.