அன்னதான இலை ஊருணிக்கா, எருக்குழிக்கா?

எல்லோருக்கும் வணக்கம்.

பங்குனித் திருவிழா வரவு செலவைப் பார்த்தேன். செயலாளர் அண்ணன் வரிக்கு வரி தெளிவாக எழுதியிருக்கிறார். அதில் 'சுத்தம் செய்த கூலி, டிராக்டர் வாடகை' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த டிராக்டர் எங்கே போய்க் கொட்டியது என்பது திருவிழாவுக்கு வந்த எல்லோருக்கும் தெரியும். ஊருணியின் மேற்குக் கரையில்தான். சாப்பிட்ட இலை, மிஞ்சின சோறு, பூசணித் தோல், சாமிக்குப் போட்ட மாலை, அதோடு தண்ணீர் பாக்கெட்டும் பேப்பர் கப்பும். நாமெல்லாம் அன்றிரவே பஸ் ஏறிவிட்டோம். மறுவாரம் யாரோ அதற்குத் தீ வைத்திருக்கிறார்கள். ஈர இலை எரியவில்லை, ரெண்டு நாள் புகைந்துகொண்டே கிடந்தது என்று அத்தை போனில் சொன்னார்.

நம் ஊர்ச் சங்கத்தில் மிச்சமிருக்கும் பணத்துக்கு ஊர் முகப்பில் வளைவு கட்டலாமா என்று மடல்கள் போய்க்கொண்டிருக்கின்றன. வளைவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை (சொன்னால் சிங்கப்பூர் சித்தப்பா அடுத்த வருஷம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்). அதற்கு முன்னால் ஒரு எருக்குழி வெட்டிவிடுவோம் என்கிறேன்.

பெங்களூரில் குடியிருந்தால் குப்பையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்துவிடும். இந்த நகரம் பல வருஷம் தன் குப்பையை மாவள்ளிபுரா, மண்டூர் என்ற கிராமங்களில் கொட்டியது. 2012இல் மாவள்ளிபுரா மூடப்பட்டபோது இங்கே தெருமுனைக்குத் தெருமுனை குவியல். பாரம் எல்லாம் மண்டூர் தலையில் விழுந்தது. கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போச்சு, வீட்டுக்குள் ஈ தாங்கவில்லை என்று அந்த ஊர்க்காரர்கள் லாரிகளை மறித்து உட்கார்ந்தார்கள். 2014 கடைசியில்தான் அங்கே கொட்டுவது நின்றது. அடுத்த வருஷம் டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கச் சொன்னது: சமையல் கழிவுக்குப் பச்சை வாளி, நாப்கின் டயப்பர் வகையறாவுக்குச் சிவப்பு வாளி, உலர்ந்ததற்கு ஒரு பை. காலையில் வண்டிக்காரர் 'ஹசி கசா, ஒண கசா' என்று கேட்டுத்தான் வாங்குவார். கலந்து கொடுத்தால் திருப்பி நம் கையிலேயே கொடுத்துவிடுவார். அப்புறம் 2016இல் வந்த மத்திய அரசு விதிகள், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்கவோ எரிவாயுவாக்கவோ வேண்டும் என்றன. ஒரு பெருநகரம் இவ்வளவு அடிபட்டு ஒரு கிராமத்தின் மேல் கொட்டுவதை விட்டிருக்கிறது. நாம் நம் ஊருணிக் கரையிலேயே கொட்டுகிறோம்.

எங்கள் அபார்ட்மெண்டிலும் பின்பக்கம் கம்பிவலை போட்ட தொட்டிகள் வைத்திருக்கிறோம். ஆரம்பத்தில் நாற்றம் என்று தரைத்தளத்துக்காரர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். நாற்றம் வந்தால் குப்பையின் குற்றமில்லை, ஈரம் கூடிப்போய் காற்று உள்ளே போகவில்லை என்று அர்த்தம். சமையல் கழிவில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) தண்ணீரும் அதிகம். அதற்குச் சரிக்குச் சரி காய்ந்த சமாச்சாரம் சேர்க்க வேண்டும். சருகு, மரத்தூள், தேங்காய் நார்க்கழிவு எதுவானாலும் சரி. மொத்தக் கலவையில் கரிச்சத்து (கார்பன்) முப்பது பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்பது கணக்கு. வேலை செய்கிற அக்காவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிவார். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் இன்னொரு கூடை சருகு. மார்கழிக் குளிரில் காலையில் அவர் தொட்டியைக் கிளறும்போது ஆவி பறக்கும். நடுவில் கையை வைத்தால் அரை நிமிஷம் தாங்காது, சுடும். நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கிற சூடு அது, 60 டிகிரி வரைக்கும் போகும். நோய்க்கிருமியும் களை விதையும் அதில்தான் சாகின்றன. சில சமயம் தடித்த சாம்பல் நிறப் புழு நெளியும், பார்த்தவர்கள் அலறுவார்கள். பெரும்பாலும் அது பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்கிற ஈயின் புழு. சோற்றில் வந்து உட்காருகிற வீட்டு ஈ இல்லை. குப்பையை நம்மைவிட வேகமாகத் தீர்க்கும், விட்டுவிடலாம்.

நம் ஊருக்கு இந்தத் தொட்டி முறை வேண்டாம். கிளற ஆள் வேண்டும், கோடையில் தண்ணீரும் தெளிக்க வேண்டும். ரெண்டுக்கும் நம்மிடம் பஞ்சம். நமக்குத் தோதானதை ஒருவர் இதே பெங்களூரில் உட்கார்ந்து எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்திய அறிவியல் கழகத்தில் இருந்த சி.என். ஆச்சார்யா 1939இல் உருவாக்கியது. உரக்காரர்கள் இன்றைக்கும் 'பெங்களூர் முறை' என்றே சொல்கிறார்கள். மூன்றடி ஆழத்தில் நீளக் குழி. அரையடிக்குக் குப்பை, அதன்மேல் ரெண்டங்குலம் கழிவு, மறுபடி குப்பை என்று அடுக்கிக்கொண்டே வந்து கடைசியில் மண் போட்டு மூடிவிடுவது. கிளறவே வேண்டாம். ஆச்சார்யா நகராட்சிகளை மனதில் வைத்துச் செய்ததால் அந்தக் கழிவு மலக்கழிவு. நமக்கு மாட்டுச் சாணிக் கரைசல் போதும், முகம் சுளிக்க வேண்டாம். காற்றில்லாமல் மட்குவதால் மெதுவாகத்தான் ஆகும், ஆறு முதல் எட்டு மாதம். மீத்தேனும் கொஞ்சம் வெளியேறும். கிளறிவிடும் இந்தூர் முறை இதில் மேல்தான். ஆனால் யார் கிளறுவது? பங்குனியில் மூடினால் புரட்டாசிக் கடைசியில் திறக்கலாம், மழைக்கு முன்னால் வயலுக்குப் போய்விடும். கிளறாமலே நம் விதைப்புக்குச் சரியாக வந்து சேர்கிறது.

துபாய் மாப்பிள்ளை போன தடவையே கேட்டார், 'யூரியா மூட்டை கிடைக்கிற காலத்தில் இது எதற்கு?' என்று. நியாயமான கேள்வி. 45 கிலோ யூரியா மூட்டையில் இருக்கும் தழைச்சத்துக்கு ஈடுகட்ட, சாதாரணத் தொழு உரம் என்றால் சுமார் நாலு டன் வேண்டும். அந்தப் போட்டியில் எரு ஜெயிக்கவே ஜெயிக்காது. எருவின் வேலை வேறு. மண்ணைப் பொலபொலப்பாக்கி, பெய்கிற மழையைப் பிடித்து வைத்துக்கொள்ளச் செய்வது. மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம் (மட்கிய பொருளால் மண்ணில் சேர்கிற கரிச்சத்து) 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று எழுதிக் கொடுப்பார்கள். மேலத்தெரு பெரியப்பா தன் அட்டையைக் காட்டினார், அதுதான் எழுதியிருந்தது. அந்த மண்ணில் போட்ட யூரியா பாதி தண்ணீரோடு போகிறது, பாதி காற்றோடு போகிறது என்று அவரே புலம்புகிறார். வானம் பார்த்த பூமிக்கு, மழை ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பயிர் வாடாமல் நிற்பதுதான் லாபம். அதற்கு யூரியா உதவாது. ஒரு காலத்தில் நம் ஊரில் எருக்குழி இல்லாத கொல்லை உண்டா? மாடுகள் போனதும் குழியும் தூர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இவ்வளவு. கோயிலுக்குத் தெற்கே இருக்கும் பொது இடத்தில், ஊருணிக்கும் கிணறுகளுக்கும் தள்ளி, மேடான பக்கமாகக் குழி. தாழ்வாக வெட்டினால் மழைத்தண்ணீர் இறங்கிக் கெட்டுவிடும். வாழை இலையை அப்படியே போடக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு பாய் மாதிரி படிந்துவிடும், ஆறு மாதம் கழித்தும் நடுவில் இலை இலையாகவே இருக்கும். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மெஷினில் விட்டோ அரிவாளால் நாலாக நறுக்கியோ போட வேண்டும். சாம்பாரும் பாயசமும் வழிகிற இலைக்கு நடுநடுவே வைக்கோலும் வேப்பஞ்சருகும் தாராளமாக.

பெரிய தலைவலி பிளாஸ்டிக்தான். பேப்பர் கப்புக்குள் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, மட்காது. போன வருஷம் ஒரு பந்தியில் இலை தீர்ந்துபோய்ப் போட்டார்களே பச்சை நிறப் 'பேப்பர் இலை', அதிலும் அதே பூச்சுதான். அதையெல்லாம் குழியில் போட்டால் மறுவருஷம் வயலில் சாக்குச் சாக்காகப் பொறுக்க வேண்டியிருக்கும். எச்சில் இலை எடுக்கிற இடத்திலேயே ரெண்டு டிரம் வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பையனை நிறுத்தினால் போதும். போர்டு எழுதி மாட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். தண்ணீர் பாக்கெட்டுக்குப் பதில் பானையும் எவர்சில்வர் டம்ளரும் வைக்கலாம் என்பதை மதினிமார்கள் சொன்னால் பந்தல்காரர் கேட்பார், நான் சொன்னால் கேட்க மாட்டார்.

குழி வெட்ட ஜேசிபி அரை நாள் போதும் என்று நினைக்கிறேன், ஊரில் இருப்பவர்கள் வாடகை விசாரித்துச் சொல்லுங்கள். தட்டு வெட்டும் மெஷின் கீழத்தெருவில் ஒருவரிடம் சும்மா கிடக்கிறது, சித்தப்பா கேட்டால் கொடுப்பார். இடத்துக்குப் பஞ்சாயத்துத் தலைவரிடம் செயலாளர் அண்ணன்தான் பேச வேண்டும். முதல் வருஷம் வருகிற எருவை யாருக்குக் கொடுப்பது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஏலம் விடாமல், சொந்த மாடு இல்லாத வீடுகளுக்கு முதலில் கொடுக்கலாம். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், ஆடிக்குள் முடிவு செய்துவிட்டால் நல்லது.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து, வடக்குத்தெரு வாத்தியார் மகன்